அத்தியாயம் 7: ‘வெறும் செம்பனைதானே?’

சுங்கை பாக்காப் வட்டாரத்தில் ஒரு தோட்டம் கைமாறிவிட்டது, அங்கே தாமான் வரப்போகிறது என்று செய்தி பரவினால் ஊர் கேட்கும் கேள்விகள் தெரிந்தவைதான். வீடு என்ன விலை, சாலையை அகலப்படுத்துவார்களா, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும். அங்கே வாழும் பறவைக்கும் மீனுக்கும் மரத்துக்கும் என்ன ஆகும் என்று யாராவது வாய் திறந்தால், பதில் உடனே வந்துவிடும்: “அங்க என்னண்ணே இருக்கு, வெறும் செம்பனைதானே?”

இந்த ஒரு வாக்கியம் ஊருக்கு நிறைய இழப்பை உண்டாக்கியிருக்கிறது. ஏனென்றால் ஆதாயம் என்பது முன்பு இருந்ததோடு ஒப்பிட்டுச் சொல்வது. முன்பு இருந்தது பூஜ்யம் என்று எழுதிக்கொண்டால், காவல் கூண்டுக்கு முன்னால் நட்ட நான்கு அலங்காரப் பனையும் ஆதாயமாகிவிடும். மேம்பாட்டாளரின் விளம்பரத் தாளில் ‘பசுமை’ என்ற சொல்லும் ஏறிவிடும். எடை போடாமல் நகையை வாங்கிக்கொள்ளும் அடகுக்கடை உண்டா? நிலத்தின் காரியத்தில் மட்டும் அப்படித்தான் நடக்கிறது. எனவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி, இயந்திரம் உள்ளே இறங்குவதற்கு முன் எடுக்க வேண்டிய கணக்கைப் பற்றியது. சட்டமும் மனுவும் அதற்குப் பிறகு.

எது ‘முன்பு’?

தென் செபராங் பிறை நிலம் பலமுறை துடைத்து எழுதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் காட்டையும் சதுப்பையும் அழித்துக் கரும்பு போட்டார்கள். சுங்கை பாக்காப் ஊரை உருவாக்கிய கீ லாய் ஹுவாட் கரும்பில் பணம் சேர்த்தவர். கலிடோனியா, பைராம், வால்டோர், பத்து காவான் என்று ஆங்கிலேயர் கையில் இருந்த தோட்டங்களுக்கு நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுவந்ததும் முதலில் கரும்புக்காகத்தான். பிறகு ரப்பர் வந்தது, அதன் பிறகு செம்பனை. பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் நீளப் பினாங்கு இரண்டாவது பாலம் 2014 மார்ச் 1 அன்று திறக்கப்பட்டதும் தொழிற்சாலைகள் பெருகின. தொழிற்சாலைக்குப் பின்னால் வீடுகள் வந்தன. பத்து காவானில் தொடங்கிய அந்த அலை சிம்பாங் அம்பாட், ஜாவி, சுங்கை பாக்காப் என்று பரவிக்கொண்டிருக்கிறது.

அதனால் ‘பழைய காட்டைத் திருப்பிக் கொடு’ என்று கேட்பதில் பயன் இல்லை. அதே சமயம், காடு போய்விட்டது, இனி இழக்க ஒன்றுமில்லை என்பதும் பொய். செம்பனை ஓர் ஏழை வாழிடம்தான். காட்டில் வாழும் உயிரினங்களில் சிறு பங்குதான் அங்கே தங்கும். ஆனால் எந்தத் தோட்டமும் முழுக்கச் செம்பனையாக இருப்பதில்லை. தண்ணீர் வடியாமல் கன்று நட முடியாமல் விட்ட பள்ளம் ஒன்று இருக்கும். எல்லையில் ஒரு சிற்றோடையும் அதன் கரையில் புதரும் இருக்கும். லயங்கள் இருந்த இடத்தில் மாவும் பலாவும், கோயிலைச் சுற்றி அரசும் வேம்பும் நிற்கும். தூக்கணாங்குருவி கூடு கட்டுவதும், கானாங்கோழி குஞ்சுகளோடு நடப்பதும், நீர்நாய் கரையேறுவதும் இந்த ஓரங்களில்தான். எலி பிடிக்கத் தோட்ட நிர்வாகங்களே பெட்டி வைத்து வளர்க்கும் கூகை மட்டும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே வேட்டையாடும்.

வரைபடத்தை எட்ட நின்று பார்த்தால் இந்த ஓரங்களின் மதிப்பு இன்னும் தெளிவாகும். தென்கிழக்கே புக்கிட் பாஞ்சோர் மாநிலப் பூங்காவின் மலைக்காடும் வௌவால் குகையும் இருக்கின்றன. மேற்கே பைராம் கடலோரத்தில் அலையாத்திக் காடு. நடுவில் சுங்கை பாக்காப். தேனுண்ணும் குகை வௌவால் ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து அலையாத்தி மரப் பூவையும் டுரியான் பூவையும் தேடிப் போகும் உயிரினம். டுரியான் காய்ப்பதற்கு அதன் உதவி வேண்டும். மலைக்கும் கடலுக்கும் இடையே மிச்சமிருக்கும் மரநிழல், ஓடைக்கரைகளில் மட்டும்தான் தொடர்ச்சியாக நிற்கிறது. எனவே ஓர் ஓடைக்கரை பறிபோனால் அந்தத் திட்டத்தின் எல்லையோடு நஷ்டம் நிற்காது.

முன்கணக்கு எடுப்பது எப்படி

முதல் விதி: தனியார் நிலத்துக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். அத்துமீறல் புகார் ஒன்று போதும், உங்கள் குறிப்பேடு முழுவதும் மதிப்பிழந்துவிடும். பொதுச் சாலை, ஆற்றங்கரை, கோயில் வளாகம், வீட்டுப் பின்வாசல் இவற்றிலிருந்து பார்த்தாலே பெரும்பாலானவை தெரியும்.

ஒருநாள் போய்ப் பார்த்து எழுதும் பட்டியலால் பயன் குறைவு. ஜனவரி, பிப்ரவரியின் வறட்சியில் ஒருமுறை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை வரும் பெருமழையில் ஒருமுறை கட்டாயம் பாருங்கள். வறட்சியிலும் தண்ணீர் தங்கும் பள்ளம் எது, மழையில் எந்தப் பக்கமிருந்து நீர் வந்து எந்தப் பக்கம் போகிறது என்பவை பறவைப் பட்டியலைவிட முக்கியம். வலசைப் பறவைகள் ஏறக்குறைய செப்டம்பரிலிருந்து மார்ச் வரை இருக்கும். பழுப்புக் கீச்சானும் தகைவிலானும் மின்கம்பியில் உட்காரும் காலம் அது. காலை ஏழு மணிக்கும் அந்தி சாயும்போதும் போங்கள். நண்பகலில் போய்விட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுவதற்குத்தான் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

மரங்களுக்கு ஓர் அளவுநாடா போதும். மலேசியாவில் 0.8 மீட்டர் என்பது சட்ட எண். அடிமரத்தின் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், அதாவது விட்டம் சுமார் 25 சென்டிமீட்டர் தாண்டினால், அந்த மரத்துக்குத் தனி மரியாதை உண்டு. அதைக் கீழே பார்க்கலாம். இனம், சுற்றளவு, இடம், நாள் இவற்றைக் கைப்பேசிப் படத்தோடு குறித்து வையுங்கள். கோயில் அரசமரம், ஆலமரம், லயத்து மாமரம் எல்லாவற்றையும் சேருங்கள். அத்தி, அரசு, ஆல் வகை மரங்கள் காய்த்து நிற்கும் வாரத்தில் பச்சைப்புறாவும் குக்குறுவானும் மாங்குயிலும் ஒரே மரத்தில் விருந்துக்கு வரும். அந்த வாரப் படங்கள் மனுவுக்கு நல்ல சாட்சி.

எண்ணிக்கை கூடுவதெல்லாம் ஆதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. காக்கையும் சாவக மைனாவும் மாடப்புறாவும் பெருகியிருந்தால் அது குப்பைத் தொட்டியின் நிலைமையைக் காட்டுகிறது. நாம் சனிக்கிழமை சோறு வைக்கும் இந்தக் காக்கையே, காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டதுதான். நம்மைப் போலவே தோட்ட வேலைக்கு வந்து தங்கிவிட்டது. ஆனாலும் அதைப் பல்லுயிர்க் கணக்கில் சேர்க்க முடியாது.

உங்களுக்கு இனம் பிரித்தறியத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். 1940 முதல் இயங்கும் மலேசிய இயற்கைக் கழகத்துக்குப் பினாங்கில் கிளை உண்டு. ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் படத்தை ஏற்றினால் அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அதைவிடப் பெரிய லாபம், நாளும் இடமும் அழிக்க முடியாதபடி பதிவாகிவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இங்கிலாந்தில் இப்படி முன்கணக்கு எடுத்து ஆதாயம் காட்டுவது சட்டமாகிவிட்டது. 2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி, 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கும், அதே ஆண்டு ஏப்ரல் 2 முதல் சிறிய திட்டங்களுக்கும், சில விலக்குகள் நீங்கலாக, வாழிட மதிப்பு குறைந்தது 10 விழுக்காடு கூடியாக வேண்டும். கூட்டியதை 30 ஆண்டுகள் காக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு தேதி: 2020 ஜனவரி 30. அனுமதி கேட்பதற்கு முன்பே நிலத்தை வேண்டுமென்று மொட்டையடித்துவிட்டு ‘இங்கே ஒன்றும் இல்லையே’ என்று வருபவர்களுக்காக வைத்த பொறி அது. அந்தத் தேதிக்குப் பிறகு அனுமதியின்றிக் கெடுத்திருந்தால், கெடுப்பதற்கு முன் இருந்த நிலையையே அடிப்படையாக எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் அனுமதிக்கு முன்பே புல்டோசர் ஓடும் கதைகளைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அவர்கள் பயன்படுத்தும் கணக்கின் எலும்புக்கூடு இது: பரப்பளவை வாழிடத்தின் தரத்தால் பெருக்கு, பிறகு அதன் இப்போதைய நிலையால் பெருக்கு. தரத்துக்கு 2, 4, 6, 8 என்று மதிப்பெண். நிலைமைக்கு மோசம் 1, நடுத்தரம் 2, நன்று 3. இன்னும் சில சின்னப் பெருக்கிகள் உண்டு, இங்கே அவை வேண்டாம். இங்கிலாந்தின் மதிப்பெண்கள் நம் மண்ணுக்கு அளந்து வைத்தவை அல்ல. ஆனாலும் ஒரு திட்டத்தின் வடிவத்தை எடைபோட இந்தக் கருவி போதும்.

20 ஹெக்டேர் தோட்டம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 17 ஹெக்டேர் செம்பனை: தரம் 2, நிலை 1, ஆக 34. ஒன்றரை ஹெக்டேர் சதுப்புப் பள்ளம்: தரம் 6, நிலை 2, ஆக 18. ஒரு ஹெக்டேர் ஓடைக்கரைப் புதர்: தரம் 4, நிலை 2, ஆக 8. அரை ஹெக்டேர் கோயில் தோப்பு: தரம் 4, நிலை 3, ஆக 6. மொத்தம் 66. இதில் 10 விழுக்காடு கூட வேண்டுமானால் இலக்கு 72.6.

இப்போது வழக்கமான திட்டம் வருகிறது. சதுப்பைத் தூர்த்துவிடுவார்கள், ஓடையைச் சிமெண்டு வாய்க்காலாக்குவார்கள், கோயிலை மூலைக்குத் தள்ளுவார்கள். புல் விரித்த 2 ஹெக்டேர் திடலுக்கு 4 மதிப்பெண். வீடுகளின் சிறு தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து 4 ஹெக்டேர் என்றால் 8. ஆக மொத்தம் 12. நுழைவாயிலில் எத்தனை பனை வைத்தாலும் 66 எங்கே, 12 எங்கே.

அதே நிலத்தில், அதே எண்ணிக்கை வீடுகளை நெருக்கி அமைத்து, சதுப்பையும் ஓடைக்கரையையும் தோப்பையும் காப்பாற்றினால்? சதுப்பைச் சீர்செய்து நிலையை 3 ஆக்கினால் 27. ஓடைக்கரையும் அப்படியே உயர்ந்தால் 12. தோப்பு 6. வீட்டுத் தோட்டங்கள் 8. வெள்ளம் தாங்க எப்படியும் வெட்டியாக வேண்டிய குளம் ஒரு ஹெக்டேர் என்று வையுங்கள், அதைச் சிமெண்டுத் தொட்டியாக்காமல் மண்கரையும் நாணலுமாக விட்டால் 8. மொத்தம் 61.

நல்ல திட்டமும் 66-ஐ எட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கிலாந்துக் கணக்கில் புதிதாக உருவாக்கும் வாழிடத்துக்கு, அது முதிர ஆகும் காலத்துக்கும் தோற்றுப்போகும் வாய்ப்புக்கும் கழிவு போடுவார்கள், அதையும் போட்டால் இன்னும் குறையும். எனவே எந்த மேம்பாட்டாளராவது தன் தாமானுக்குள்ளேயே எல்லா ஆதாயத்தையும் காட்டிவிட்டதாகச் சொன்னால், அவருடைய முன்கணக்கை வாங்கிப் பாருங்கள். மிச்சத்தை வெளியே எங்காவது ஈடுசெய்துதான் ஆக வேண்டும்.

இன்னொரு விஷயமும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. சதுப்பு, ஓடைக்கரை, தோப்பு மூன்றும் சேர்ந்து 3 ஹெக்டேர்தான், நிலத்தில் 15 விழுக்காடு. ஆனால் 66-இல் 32 அவற்றில் இருக்கிறது, ஏறக்குறைய பாதி. வீடமைப்புத் திட்டத்தில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக, அலுவலக மொழியில் ‘தானா லாப்பாங்’காக, விட வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். 20 ஹெக்டேரில் அது 2 ஹெக்டேர். சதுப்பும் தோப்பும் சேர்ந்தால் அதே 2 ஹெக்டேர்! ஓடைக்கரை அதில் சேர வேண்டியதில்லை, அதற்கு ஆற்று ஒதுக்கீடு தனியாக உண்டு. கூடுதலாக ஓர் அங்குலம் கேட்காமல், 10 விழுக்காட்டை எங்கே வைப்பது என்பதை மட்டும் மாற்றினாலே பாதி மதிப்பு தப்பிவிடும். உங்கள் மனுவின் மையம் இதுவாக இருக்கட்டும்.

இதற்கு மாநகர் மன்ற அதிகாரி சொல்லப்போகும் மறுப்பையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்: பிள்ளைகள் பந்து விளையாடச் சமதளம் வேண்டாமா? நியாயமான கேள்வி. முழுச் சதுப்பையும் வேலிபோட்டுப் பூட்டச் சொன்னால் நீங்கள் தோற்பீர்கள். ஒரு பகுதி திடலாகவும், சதுப்பின் ஓரத்தில் நடைபாதையாகவும் பிரித்து வரைந்து கொண்டுபோங்கள்.

எந்தக் கதவு எப்போது திறக்கும்

மலேசியாவில் இங்கிலாந்து மாதிரிக் கட்டாயச் சட்டம் இல்லை. நிலம் மாநில அதிகாரத்தில் இருப்பதால் கோலாலம்பூர் ஒரே உத்தரவில் கொண்டுவரவும் முடியாது. கையில் இருப்பது 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், எல்லோரும் சொல்லும் ‘அக்தா 172’. அது போதுமான ஆயுதம்தான், காலம் பார்த்து எடுத்தால்.

பலரும் திட்டம் வந்த பிறகு எதிர்க்க ஓடுகிறார்கள். சட்டத்தின் 21(6) பிரிவு அக்கம்பக்க நில உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி, 21 நாட்களுக்குள் ஆட்சேபம் கேட்கச் சொல்கிறது. ஆனால் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்குத்தான் அது. ‘அக்கம்பக்கம்’ என்பதும் ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலை அல்லது வாய்க்கால் குறுக்கே உள்ள நிலம், முட்டுச்சந்தாக இருந்தால் 200 மீட்டர் என்று குறுகலானது. உள்ளூர்த் திட்டம், அதாவது ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’, அரசிதழில் வந்துவிட்டால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். எனவே உண்மையான வாசல் அந்த உள்ளூர்த் திட்டத்தின் வரைவுதான். அதைப் பொதுப் பார்வைக்கு வைத்து, குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபம் பெற வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. செபராங் பிறை மாநகர் மன்றத்தின் அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள். வரைவு வெளியாகும்போது உங்கள் குறிப்பேடு தயாராக இருந்தால், அந்தச் சதுப்பையும் ஓடையையும் சுற்றுச்சூழல் உணர்திறன் பகுதியாகக் குறிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். பின்னால் வரும் எந்தத் திட்ட அனுமதியும் உள்ளூர்த் திட்டத்துக்கு முரணாக இருக்க முடியாது.

திட்ட அனுமதிக்கான விண்ணப்பம் ஒற்றைச் சாளர மையத்தின் வழியாகப் போகும். விண்ணப்பத்தோடு மேம்பாட்டு முன்மொழிவு அறிக்கையும் வரைபடங்களும் வர வேண்டும். 21A, 21B பிரிவுகளின்படி நிலத்தின் இயற்கை அமைப்பைக் காப்பதற்கும் மரங்களைக் காத்து நடுவதற்கும் என்ன செய்யப் போகிறார்கள் என்று அவற்றில் இருக்க வேண்டும். 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரங்களின் இடமும் இனமும் காட்டப்பட வேண்டும். இதுதான் சட்டம் கேட்கும் முன்கணக்கு, ஒல்லியானதுதான் என்றாலும். அவர்கள் காட்டிய மரங்களையும் உங்கள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுபட்ட அரசமரம் ஒன்றே அறிக்கையைத் திருப்பி அனுப்பக் கேட்கும் காரணமாகிவிடும். நீங்கள் நேரடியாகப் பார்க்க வழியில்லை என்றால் சட்டமன்ற உறுப்பினர் வழியாகவோ மாநகர் மன்ற உறுப்பினர் வழியாகவோ கேளுங்கள்.

மரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 1995இல் சேர்த்த 5A பகுதி மரப் பாதுகாப்பு ஆணைகளைப் பற்றியது. அந்தப் பகுதியிலேயே 35H பிரிவு இருக்கிறது. ஆணை எதுவும் இல்லாத மரமாக இருந்தாலும், 0.8 மீட்டர் தாண்டினால் திட்டமிடல் அதிகாரத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெட்டக் கூடாது. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தான மரம் போன்ற விலக்குகள் உண்டு. தோட்டம் விற்கப்பட்டதும் நள்ளிரவில் வெட்டப்படும் கோயில் மரத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தும் என்பது நம் கோயில் குழுக்களில் பலருக்குத் தெரியாது.

ஓடைக்கு வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ஒதுக்கீட்டு அளவுகள் உண்டு. 5 மீட்டருக்குக் குறைந்த ஓடையானால் ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 வரை அகலமானால் 10 மீட்டர், 10 முதல் 20 என்றால் 20, 20 முதல் 40 என்றால் 40, அதற்கு மேல் 50 மீட்டர். தாமான்களில் இது புல்வெட்டிய வெற்றுக் கரையாகவே கிடக்கும். அங்கே மரம் வைக்கச் செலவு மிகக் குறைவு. ஆனால் தூர் வாரும் இயந்திரம் போக ஒரு பக்கம் வழி வேண்டும் என்பார்கள், அதை ஒப்புக்கொண்டு மறு கரையைக் கேளுங்கள்.

திறந்தவெளியின் அந்தஸ்து வழக்கு மன்றத்தையும் அசைக்கும் என்பதற்கு கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா சாட்சி. அந்தப் பூங்காவில் அடுக்குமாடி கட்ட 2017இல் கொடுத்த மேம்பாட்டு ஆணை செல்லாது என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதிசெய்தது. அது கூட்டரசுப் பிரதேசத்துக்கான தனிச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்பதை மறக்காதீர்கள். ஆனால் அதிகாரபூர்வமான திட்டத்தில் ஓர் இடம் பொதுத் திறந்தவெளி என்று எழுதப்பட்டிருந்தால் அதற்குக் கனம் உண்டு என்ற பாடம் இங்கும் செல்லும்.

நிபந்தனையாக எழுதிக் கேளுங்கள்

‘இயற்கையைப் பாதுகாக்க வேண்டும்’ என்று மனு எழுதினால் நன்றிக் கடிதம் வரும், வேறொன்றும் வராது. அனுமதிக் கடிதத்தில் அப்படியே ஒட்டக்கூடிய வாசகமாகக் கொடுங்கள். மாதிரிக்கு:

“திட்ட நிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள சதுப்புப் பள்ளம் இப்போதைய நீர்மட்டத்தோடு தக்கவைக்கப்பட வேண்டும். மண்வேலை தொடங்கும் முன் அதைச் சுற்றித் தற்காலிக வேலி போடப்பட வேண்டும். செம்பனை அகற்றும் பணி சாலைப் பக்கம் தொடங்கி ஓடையை நோக்கிப் படிப்படியாக நகர வேண்டும். நடப்படும் மரங்களில் பெரும்பகுதி இந்நாட்டு இனங்களாக இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் பட்டுப்போனவற்றுக்கு மாற்று நடப்பட வேண்டும்.”

இதை மலாயில் பெயர்த்து, உங்கள் வரைபடத்தை இணைத்து அனுப்புங்கள். குடியிருப்பாளர் சங்கத்தின் முத்திரையும் கோயில் குழுவின் கையெழுத்தும் இருந்தால் நல்லது.

இதில் ‘படிப்படியாக’ என்ற நிபந்தனைக்குச் செலவு அநேகமாக இல்லை, பலனோ உடனடி. ஒரே வாரத்தில் நான்கு பக்கமும் அழித்தால் நாகமும் மலைப்பாம்பும் உடும்பும் போக வழியின்றி அடுத்த தாமானின் கழிவறைக்குள் நுழையும், பிறகு பொதுத் தற்காப்புப் படைக்குத் தொலைபேசி பறக்கும். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பாம்போடு படம் எடுத்துக்கொள்ளும் நம் ஆட்கள்கூட வீட்டு வாசலில் அதைக் கண்டால் கட்டையைத்தான் தேடுவார்கள். வெட்டிய செம்பனைத் தண்டுகளைக் குவித்துப் போட்டுவிடாமல் சீவித் தூளாக்கச் சொல்லுங்கள். அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகிப் பக்கத்துத் தென்னையைத் தின்னும்.

எந்த மரம்? ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நரிவால் பனையும் மடகாஸ்கரிலிருந்து வந்த குட்டையிலை வாதாமரமும் இப்போது எல்லாத் தாமானிலும் நிற்கின்றன. அழகுதான், ஆனால் நம் பறவைக்கும் பூச்சிக்கும் அவற்றில் தீனி குறைவு. புன்னை, ஏழிலைப்பாலை, பூமருது, நாவல் இன மரங்கள், ஈரமான கரைக்குப் புத்தாட், நிபோங் பனை என்று கேளுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு உபதேசம் தேவையில்லை. நம் வீடுகளில் கறிவேப்பிலை இருக்கும், அதில் பச்சைப் புழுவும் இருக்கும். அது வால் வண்ணத்துப்பூச்சியாகப் போகிறது. மருந்து அடிக்காமல் இரண்டு கொத்தை விட்டுக்கொடுத்தால் போதும்.

குளம் என்றதும் டெங்கிப் பயம் வரும். 2000இல் வந்து 2012இல் திருத்தப்பட்ட வடிகால் கையேட்டின்படி புதிய திட்டங்கள் மழைநீரைத் தம் எல்லைக்குள் தாங்கி மெதுவாக விட வேண்டும், அதனால் ஏதோ ஒரு குளம் வந்தே தீரும். ஏடிஸ் கொசு விரும்புவது பூந்தொட்டித் தட்டு, அடைபட்ட கூரை வடிகால், தூக்கியெறிந்த டப்பா போன்றவற்றில் தேங்கும் நீரை. மீனும் தும்பியும் உள்ள குளத்தில் அதன் புழு பிழைப்பது கடினம். செப்பாட் போன்ற உள்ளூர் மீன் போதும். திலாப்பியாவையோ, தொட்டியில் பெரிதாகிவிட்ட இக்கான் பண்டாராயாவையோ கொண்டுபோய் விடாதீர்கள்.

கெரியான் ஆற்றங்கரைத் திட்டமானால் விளக்கையும் சேர்த்துக் கேளுங்கள். நிபோங் திபாலுக்கு ஆள் வருவது அங்கே பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளைப் பார்க்கத்தான். ஆற்றைப் பார்த்து அடிக்கும் வெள்ளை விளக்கு அவற்றின் இணைதேடலைக் கெடுக்கும். கீழ்நோக்கி மூடிய மஞ்சள் விளக்கு போதும்.

வெளியே ஈடு செய்வது

தாமானுக்குள் முடியாத மிச்சத்தை எங்கே கூட்டுவது? கடலோரம் நினைவுக்கு வரும். பினாங்குக் கரையோர மீனவர் நல சங்கம் 1990களின் பிற்பகுதியிலிருந்து அலையாத்தி நட்டுவருகிறது, சுங்கை ஆச்சேயில் அதற்கு ஒரு கல்வி மையமும் உண்டு. நல்ல கூட்டாளிகள். ஆனால் இரண்டு எச்சரிக்கை. நன்னீர்ச் சதுப்பை அழித்துவிட்டு அலையாத்தி நட்டால் அது வேறு சரக்கு. மதிப்புயர்ந்த வாழிடத்துக்கு ஈடு அதே வகையாக இருக்க வேண்டும் என்பதில் இங்கிலாந்து விதி கறாரானது, நாமும் அப்படியே கேட்க வேண்டும். அடுத்தது, வெற்றுச் சேற்றுவெளியில் கன்று நடுவது படம் எடுக்க நன்றாயிருக்கும். அந்தச் சேறுதான் வலசை வரும் கரைப்பறவைகளின் சாப்பாட்டு மேசை, கன்றுகளும் பெரும்பாலும் அலையில் போய்விடும். முன்பு அலையாத்தி இருந்து அழிந்த இடத்தைக் கேட்டறிந்து நட வேண்டும். இதில் விஞ்ஞானியைவிட வயதான மீனவரே நம்பகமானவர்.

சாவி கைமாறிய பிறகு

இங்கிலாந்தின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 மே மாதமே, எல்லா ஏற்பாடும் முழுமையாகத் தயாராகும் முன் அந்த 10 விழுக்காட்டுத் திட்டம் தொடங்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. சட்டம் உள்ள இடத்திலேயே கண்காணிப்பு சிக்கல் என்றால் இங்கே கேட்கவே வேண்டாம்.

முதலில் பட்டாவைப் பாருங்கள். திறந்தவெளி மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின் கீழ் பொது நோக்க ஒதுக்கீடாக அரசிதழில் வர வேண்டும். வராத வரை அது வரைபடத்தில் பூசிய பச்சை நிறம் மட்டுமே. குடியேறிய முதல் ஆண்டிலேயே தென் செபராங் பிறை மாவட்ட நில அலுவலகத்துக்கு எழுதி அரசிதழ் எண்ணைக் கேளுங்கள். பதில் வரும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள்.

அடுத்து புல் வெட்டும் குத்தகை. நாணலும் புதரும் வளரவிட்ட சதுப்பு ஓரத்தை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அரைநாளில் மொட்டையடித்துவிடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, குத்தகைத் தாளில் ‘முழுப் பரப்பும்’ என்று இருக்கும். மன்றத்தின் நிலவனப்புத் துறையிடம் பேசி, எந்தக் கோடு வரை வெட்டலாம் என்பதைக் குத்தகை வரைபடத்திலேயே குறிக்கச் செய்யுங்கள். களத்திலும் கோட்டுக்கு ஒரு கட்டை நட்டு வையுங்கள். குத்தகை புதுப்பிக்கப்படும் மாதத்தைச் சங்கச் செயலாளரின் நாட்காட்டியில் எழுதி வைப்பது நல்லது, ஒப்பந்தக்காரர் மாறினால் பழைய பேச்சு அவரோடு போய்விடும்.